பரோடா கணக்கு அலுவலகத்தில் பதினொரு நாள்



இந்த நினைவுச் சொற்பொழிவு மேடையில் அம்பேத்கரின் பெயர் ஒலிக்காத ஆண்டில்லை. அரசியல் சட்டம், பூனா ஒப்பந்தம், நாகபுரி தீட்சை என்று அவரைப் பற்றி நாம் பேசியவை ஏராளம். இவ்வாண்டு பேச எடுத்துக்கொண்டிருப்பது சிறிய விஷயம். வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய ஓர் இளைஞர் நிதித்துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவரால் இருக்க முடியவில்லை. அந்தக் கதையை நாம் அறிவோம். ஆனால் அதைத் தீண்டாமைக் கொடுமைகளின் பட்டியலில் ஒரு வரியாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அதை ஒரு வேலையின் வரலாறாகப் படித்துப் பார்க்கலாம் என்பதே இங்கு நம் முயற்சி.

இதற்கு இன்று ஒரு காரணம் இருக்கிறது. நம் தெருக்களிலிருந்து பிள்ளைகள் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் நிதி மேலாண்மை படிக்கப் போகிறார்கள். எண்ணிக்கை குறைவுதான். என்றாலும் போகிறார்கள். படிப்பு முடிந்து வங்கியிலோ முதலீட்டு நிறுவனத்திலோ தணிக்கை நிறுவனத்திலோ சேரும்போது அவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, 'அங்குள்ளவர்களோடு ஒட்டிப் பழகு, பொருந்திப் போ' என்பது. கொடுப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். பொருந்துவது என்றால் எதோடு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1913ஆம் ஆண்டு ஜூன் மாதம் பரோடா சமஸ்தானத்துடன் அம்பேத்கர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருவார். படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும். அவருக்கு அப்போது 22 வயது. தந்தை ராம்ஜி இறந்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் படித்த பாடங்களின் கணக்கு நமக்குக் கிடைக்கிறது. பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள். வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல், அரசியல் எல்லாம் அதற்குப் பிறகு. அவருடைய ஆசிரியர் எட்வின் செலிக்மன் பொதுநிதி, வரிவிதிப்பு ஆகியவற்றில் அந்நாளின் பெரிய அறிஞர். 1915இல் முதுகலைப் பட்டத்துக்கு அம்பேத்கர் எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி. 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதே ஆண்டு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவர் வந்த கப்பல் கரை சேர்ந்தது. அவருடைய சாமான்களை ஏற்றிவந்த கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

ஆக, 1917 செப்டம்பரில் பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியவர் யார் என்று பாருங்கள். அரசு நிதி பற்றி அமெரிக்காவில் முறையாகப் பயின்றவர். பிற்காலத்தில் நிதியமைச்சராக்கலாம் என்று மன்னரே மனத்தில் வைத்திருந்தவர். அதற்காகத்தான் பல துறைகளிலும் பழகட்டும் என்று எண்ணினார். இராணுவச் செயலாளர் பதவி என்றும் பதிவுகள் உண்டு. தலைமைக் கணக்கர் அலுவலகத்தில் பயிற்சி அலுவலராக அமர்த்தப்பட்டதாக அம்பேத்கரே எழுதுகிறார். தகுதி என்று எதைச் சொன்னாலும் அது அவரிடம் இருந்தது. உடை, ஆங்கிலம், மேசை நாகரிகம் எல்லாம் இருந்தன.

'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று தலைப்பிட்ட சிறு நினைவுக் குறிப்பில் அவர் இதை எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் அது நூலாக வரவில்லை. 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் வெளியிட்டது. அதில் ஊர் திரும்பிய ஆண்டு ஓரிடத்தில் 1916 என்றும் இன்னோரிடத்தில் 1918 என்றும் இருக்கிறது. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் 1917 என்று நேர்செய்திருக்கிறார்கள். ஆண்டைத் தவறவிட்ட அதே நினைவு, விடுதியின் ஒரு நாள் வாடகை ஒன்றரை ரூபாய் என்பதையும், இரவுச் சாப்பாடு எட்டரை மணிக்கு வரும் என்பதையும், ரயில் ஒன்பது மணிக்கு என்பதையும் தவறவிடவில்லை. இந்தக் குறிப்பை நாம் நம்புவதற்கு இது போதும்.

வெளிநாட்டில் இருந்த ஆண்டுகள், தான் தீண்டப்படாதவன் என்ற உணர்வையே துடைத்துவிட்டிருந்தன என்கிறார். ரயில் நிலையத்தில் இறங்கியதும் அது திரும்ப வந்தது. எங்கே தங்குவது? இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது. வரவேற்று இடம் பார்த்துக் கொடுக்கும்படி மன்னர் உத்தரவிட்டிருந்தும் யாரும் வரவில்லை என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார். அமெரிக்காவில் பழகிய நண்பர்கள் பரோடாவில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் எப்படி ஏற்பார்கள் என்று இவருக்குத் துணிவில்லை. நியூயார்க்கில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்தாம். ஊர் வந்ததும் அந்தப் பழக்கம் செல்லுபடியாகுமா என்ற ஐயம் இவருக்கு வந்துவிட்டது.

பார்சிகளிடம் தீண்டாமை இல்லை என்று நம்பி பார்சி விடுதிக்குப் போனார். விடுதி பார்சிகளுக்கு மட்டும். காப்பாளருக்கும் காசு வேண்டும், இவருக்கும் இடம் வேண்டும். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயர் எழுதப்பட்டது. இந்தப் பதிவேட்டை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பகலெல்லாம் சமஸ்தானத்தின் கணக்கு ஏடுகளைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்பவர், இரவு தங்குவதற்கு ஒரு பொய்ப்பதிவின் கீழ் ஒதுங்குகிறார்.

மாடியில் சிறிய அறை. பக்கத்தில் பெரிய கூடம். உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் பெஞ்சுகளும் குவிந்து கிடந்தன. வேறு விருந்தினர் யாருமில்லை. மின்விளக்கு இல்லை, ஓர் அரிக்கேன் விளக்குதான். வௌவால்கள் பறந்தன. மீதிச் சாமான்களைக் கொண்டுவந்த அக்காள் மகன் அந்த இடத்தைப் பார்த்து அழுதுவிட, அவனை உடனே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. காலை பத்து மணிக்கு அலுவலகம் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார். அறைக்கு வரப் பயந்து வெளியிலேயே பொழுதைக் கழித்தார்.

அலுவலகத்தில் என்ன நடந்தது என்பதைக் கீர் 1954இல் வெளியான தம் நூலில் சொல்கிறார். கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினார்கள். இவர் எழுந்து போனதும் தரைவிரிப்பைச் சுருட்டினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஓய்வு நேரத்தில் பொது நூலகத்துக்குப் போய்ப் படித்தார். அதிகாரிகளின் மன்றத்தில் ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார வேண்டும். ஆட்டத்தில் சேர முடியாது.

நம் ஊர்க் கணக்கின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சிட்டாவும் அடங்கலும் கர்ணத்தின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்தன. அளக்கும்போது சங்கிலி பிடித்தவர்களும் தண்டோரா போட்டவர்களும் நம்மவர்கள். தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்ததே 1980இல்தான். மகாராட்டிரத்திலும் அப்படித்தான். ஊரில் வசூலான வரிப்பணத்தைத் தாலுகா கஜானாவுக்குச் சுமந்து சென்று சேர்ப்பது மகார்களின் வதன் கடமைகளில் ஒன்று. பணத்தைச் சுமக்கலாம், அதில் யாருக்கும் தீட்டு தெரியவில்லை. பேரேட்டைத் திறந்து கூட்டிப் பார்ப்பது வேறு. பரோடாவில் கோப்பை வீசிய ஊழியர் படிக்காதவர், அறியாமையால் செய்தார் என்று சமாதானம் சொல்வதுண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு மேசையில் யார் உட்காரலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பதினோராம் நாள் காலை கையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் மாடியேறி வந்தார்கள். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாகச் சொன்னார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொல்லிப் போனார்கள். அரசு பங்களா ஒன்று கேட்டு ஏற்கெனவே மனுக் கொடுத்திருந்தார், அமைச்சர் தள்ளிப்போட்டுவிட்டார். இரண்டு நண்பர்களிடம் போனார். ஒருவர் இந்து. வருந்தினார், 'நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள்' என்ற பொருளில் பதில் சொன்னார். இன்னொருவர் பிராமணராக இருந்து மதம் மாறிய கிறித்தவர். மனைவி ஊரிலிருந்து வரட்டும், அவரைக் கேட்க வேண்டும் என்றார். அந்த அம்மையார் மதம் மாறியும் ஆசாரத்தை விடாதவர் என்பது இவருக்குத் தெரியும். புரிந்துகொண்டு எழுந்துவிட்டார். பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை ஐந்து மணி நேரம் காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பூங்காவும் மரத்தடியும் இன்று நினைவிடமாகப் போற்றப்படுகின்றன. செப்டம்பர் 23இல் மக்கள் கூடுகிறார்கள். அது நல்லதே. ஆனால் மரத்தடிக் கண்ணீரோடு நாம் நிறுத்திவிட்டால், அவர் இழந்தது ஒரு வேலை என்பது மறந்துபோகிறது. அடுத்து அவர் செய்ததைப் பெரும்பாலும் சொல்வதேயில்லை.

பம்பாய் திரும்பியவர் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆம், பங்குச்சந்தை ஆலோசனை. ஆட்கள் வந்தார்கள். ஆலோசகர் இன்ன சாதி என்று தெரிந்ததும் வருவதை நிறுத்தினார்கள். நிறுவனம் மூடப்பட்டது. பரோடாவில் நடந்ததற்குப் பழைய சமஸ்தானம், பழைய ஆசாரம் என்று காரணம் சொல்லலாம். பம்பாய்ப் பங்குச்சந்தை இந்தியாவிலேயே நவீனமான இடம். விலை ஏறுமா இறங்குமா என்பதைத் தவிர வேறெதையும் சந்தை பார்ப்பதில்லை என்று பொருளாதாரப் பாடநூல்கள் எழுதுகின்றன. இந்த ஆலோசகரின் வாடிக்கையாளர்கள் அந்தப் பாடநூலைப் படிக்கவில்லை. லாபத்தைவிட வேறொன்றை அவர்கள் பெரிதாக மதித்தார்கள். அதற்காகத் தம் பணத்தையே கொஞ்சம் இழக்கவும் ஆயத்தமாக இருந்தார்கள். சாதியைப் பொருளாதாரக் கண்ணோடு பார்க்கும் யாரும் இந்தச் சிறு நிறுவனத்தின் மூடுவிழாவிலிருந்து தொடங்கலாம்.

1918 நவம்பரில் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 450 ரூபாய். மாணவர்கள் முதலில் பொருட்படுத்தவில்லை, பிறகு மொய்த்தார்கள். ஆசிரியர்களுக்கான பானையிலிருந்து இவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும் கொலம்பியா நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனுமாக 1920இல் மறுபடி லண்டன் போனார். அந்த நண்பரும் ஒரு பார்சி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு முன்பே ஒரு கணக்கர் இருந்தார். இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தை 1939இல் வந்த தம் சரிதச் சுருக்கத்தில் சொல்கிறார். சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி யாரோடும் நெருங்கிப் பழகாமல், பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்துவிட்டு மணி அடித்த பிறகே உள்ளே போனார். பிறகு நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியபோது எந்தப் பெயரை மறைத்துப் படித்தாரோ அதையே தலைப்பாக வைத்தார். 1900இல் கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் நீண்ட காலம் இருந்தார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்த இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அந்த மேசையில் அமர்ந்த இருவருக்கும் கணக்கு மேசையின் அனுபவம் இருந்தது என்பதை நம் வரலாற்று நூல்கள் கவனிக்கவில்லை.

லண்டனில் அம்பேத்கர் எழுதிய 'ரூபாயின் பிரச்சினை' முதலில் அப்படியே ஏற்கப்படவில்லை. திருத்தித் தர வேண்டியிருந்தது. 1923இல் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது, அதே ஆண்டு நூலும் வெளிவந்தது. முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன் பல இடங்களில் தமக்கு உடன்பாடில்லை என்று அதிலேயே சொன்னார். இந்திய நாணய முறை பற்றி கெய்ன்ஸ் 1913இல் எழுதிய நூல் அப்போதிருந்த தங்க மாற்று முறையை ஆதரித்தது. அம்பேத்கர் அதை எதிர்த்தார். நாணயத்தை ஆள்பவர்களின் விருப்பத்துக்கு விட்டால் ரூபாயின் வாங்கும் சக்தி நிலைக்காது, எனவே வெளியிடும் அளவுக்குச் சட்டத்தாலேயே வரம்பு வேண்டும் என்றார். ரூபாயின் மாற்று மதிப்பு குறைந்தால் ஏற்றுமதி பெருகும் என்று கொண்டாடியவர்களுக்கு அவர் சொன்ன பதில் நமக்கு முக்கியம். விலைவாசி ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ஆகவே ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கும் அந்த லாபம் கூலி வாங்குபவரின் மடியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒரு நாடு முழுவதும் லாபம் என்று பேசும்போது யாருடைய நட்டத்தில் என்று கேட்ட குரல் அது.

1925 டிசம்பர் 15இல் இந்திய நாணயம், நிதி பற்றிய ராயல் கமிஷன் முன் சாட்சியம் அளித்தார். ஹில்டன் யங் கமிஷன் என்று அறியப்படுவது அது. ரிசர்வ் வங்கியை உருவாக்கியவரே அம்பேத்கர் என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். கமிஷனின் அறிக்கை 1926இல் வந்தது, சட்டம் 1934இல் வந்தது, வங்கி 1935 ஏப்ரல் 1இல் தொடங்கியது. இடையில் பல கைகள் உண்டு. அவர் சாட்சியத்தையும் நூலையும் படிக்காமல் பட்டம் மட்டும் சூட்டுவது, அவர் அந்தத் துறையில் உண்மையில் செய்த வேலையை மறைத்துவிடும் என்று அஞ்சுகிறோம்.

1925இல் வெளிவந்த மாகாண நிதி பற்றிய நூலை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? பரோடா மன்னருக்கு. நன்றி என்பதை அவர் மறக்கவில்லை.

இனி இன்றைய பிள்ளைகளுக்கு வருவோம். அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கிகளிலும் சட்ட நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் ஆளெடுப்பவர்களை லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 2012இல் கட்டுரை வெளியிட்டார். 120 நேர்காணல்கள். தேர்வாளர்கள் திறமையோடு, பல நேரம் திறமைக்கும் மேலாக, தம்மைப் போன்ற பொழுதுபோக்கும் பழக்கமும் உடையவரைத் தேடினார்கள் என்பது அவர் கண்டது. விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் இவரோடு பொழுது போகுமா என்பதெல்லாம் அங்கே ஒரு கேள்வி. பனிச்சறுக்கும் படகோட்டமும் தெரியாத எந்த இந்திய மாணவருக்கும் இது ஒரு சுவர். நம் பிள்ளைக்கு இதற்குப் பின்னால் இன்னொரு சுவர் இருக்கிறது. அதே அலுவலகத்தில் முன்பே இடம்பிடித்திருக்கும் இந்தியர் குழு ஒட்டுப்பெயர் என்ன, சைவமா, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று பாசமாக விசாரிக்கிறது. மேலதிகாரியாக இருக்கும் வெள்ளைக்காரருக்கு இந்த விசாரணை காதில் விழுந்தாலும் விளங்காது. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் அரவணைப்பதாக நினைத்துக்கொள்வார்.

வேலையை உதறிவிட்டு வரலாமே என்பார்கள். மாணவர் விசாவில் போனவருக்குப் படிப்பு முடிந்து வேலை செய்யக் கிடைப்பது பொதுவாக 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் சேர்க்கப்பட்ட படிப்பென்றால் மேலும் 24 மாதம். பிறகு நிறுவனம் மனுப் போட்டால்தான் எச்-1பி விசா. அந்த விசாவில் வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள். பின்னால் கல்விக் கடன் நிற்கிறது. அம்பேத்கர் பத்தாண்டு ஒப்பந்தத்தை மீறிப் பதினோராம் நாள் ரயிலேறினார். இவர்கள் பலருக்கு அந்த ரயிலும் இல்லை.

சட்டம் மெல்ல நகர்கிறது. பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்து, 2013இல் அதைக் கட்டாயமாக்கி, 2018இல் தனியாகச் சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அரசு பின்வாங்கியது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. 2022இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் அப்படிச் செய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார், இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி. 'போதும்' என்ற சொல்லை இரண்டு நாடுகளின் அரசுகளும் சொன்னதை நாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முறையிட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

போகும் வழியும் குறுகலாகத்தான் இருக்கிறது. 1950களில் தொடங்கிய தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இன்று நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. 2022இல் வந்த வழிகாட்டு நெறிகளில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றைப் படிக்க இந்தத் தொகை கிடைக்காது. நிதி மேலாண்மை படிக்கலாம், அதற்குத் தடையில்லை. 1916 மே மாதம் கொலம்பியாவில் 25 வயது மாணவர் ஒருவர் சாதிகளின் தோற்றம் பற்றி வாசித்த கட்டுரை இந்த விதிக்குள் வராது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி பற்றிய முதுகலை ஆய்வு வருமா என்பதை அமைச்சகத்தின் எழுத்தர்தான் முடிவு செய்ய வேண்டும்.